லாட் வெளியே போகுமுன் பல் எண்ணவும்

போன வாரம் கவிதா போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த பட்டறையில், கட்டிங் பகுதிக்கு இப்போது அவள்தான் சூப்பர்வைசர். பட்டறை குறிச்சிப் பக்கம் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்களாம், பழைய தகரப் போர்டைக் கழற்றிவிட்டு அதில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் அடித்துப் புதுசாக மாட்டப் போகிறார்களாம்.

"மேரிம்மா, மேல இருக்கற கணக்கெல்லாம் புரியுதுங்க. கடைசி வரி மட்டும் எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியல. எடுத்துரலாமுங்களா?"

ரெண்டு நாள் பொறு, சொல்கிறேன் என்றேன். எட்டு நாள் ஆகிவிட்டது. கிழவிக்கு மறந்துபோச்சு என்று அவள் நினைத்திருப்பாள். மறந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

அந்தப் போர்டில் இருப்பது வேறொன்றுமில்லை, எந்தக் குழாய்க்கு எந்த ரம்பம் என்ற கணக்கு. சுவர் மூன்று மில்லி கனமுள்ள குழாய்க்கு நூற்று அறுபது பல் பிளேடு. ஒரு மில்லி கனத்துக்கு இருநூற்று நாற்பது பல். கையால் அறுப்பதென்றால் ஒரு அங்குலத்துக்குப் பதினெட்டா, இருபத்து நான்கா, முப்பத்திரண்டா என்று தனியாக ஒரு கட்டம். சுவர் மெலிய மெலியப் பல் பொடிசாக வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. பல் பெரிசாக இருந்தால் இரண்டு பல்லுக்கு நடுவில் குழாயின் சுவர் விழுந்துவிடும். அடுத்த பல் வந்து அதை அறுக்காது, முட்டும். முட்டினால் குழாய் நசுங்கும், இல்லையென்றால் பல் உடையும். கடைசி வரி சிவப்புப் பெயிண்டில் இருக்கும்: லாட் வெளியே போகுமுன் பல் எண்ணவும். லாட் என்றால் ஒரு ஆர்டருக்கு அறுத்த மொத்தச் சரக்கு.

நான் கிணத்துக்கடவுக்காரி. எங்கள் வீட்டில் எல்லோரும் தென்னந்தோப்பில் கூலிக்குப் போனவர்கள். நான்தான் முதலில் பஸ் ஏறிப் பட்டறைக்கு வந்தேன். முதல் மூன்று வருஷம் இரும்புத் தூள் கூட்டினேன். பிறகு பிசிறு எடுக்கிற வேலை. குழாயை அறுத்தால் வாயில் கூர்கூராக நிற்குமே, அதுதான் பிசிறு. வெளிப்பிசிறு கண்ணுக்குத் தெரியும், அரத்தால் தேய்த்தால் போய்விடும். உள்பிசிறு குழாய்க்குள் சுருண்டு உட்கார்ந்திருக்கும், விரல் விட்டால் விரலைக் கிழிக்கும். அப்புறம் ஒரு நாள் மிஷினில் நிற்கிறாயா என்று கேட்டார்கள். பொம்பளை ரம்ப மிஷினில் நின்றால் சேலை சிக்கிக்கொள்ளும் என்று சிலர் சிரித்தார்கள். நான் காக்கிச் சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். சிரித்தவர்கள் பேர் இப்போது எனக்கு ஞாபகமில்லை.

என்னை நிறுத்தியவர் ஃபோர்மேன் வெங்கடசாமி ஐயா. வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, நெற்றியில் ஒற்றைக் கோடு. வீட்டில் தெலுங்கு பேசுவார், எங்களிடம் அதிகம் பேசவே மாட்டார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தலைக்கனம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவரிடம் ஒரு குச்சி இருந்தது. பூவரசு மரத்தில் இழைத்தது, ஒரு முழ நீளம், பென்சிலை விடக் கொஞ்சம் தடிமன். மிஷின் ஓடும்போது வருவார். குச்சியின் ஒரு முனையை, குழாயை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் மேல் ஊன்றுவார், மறுமுனையை முன்பல்லால் கடித்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு குனிந்து அப்படியே நிற்பார். ஒரு நிமிஷம், சில நாள் ஐந்து நிமிஷம். பிறகு குச்சியை எடுத்துத் துண்டில் துடைத்துவிட்டு, "பிளேடு மழுங்கிருச்சு" என்பார், இல்லாவிட்டால் "வைஸ் லூசு" என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். எங்கள் காதுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

பட்டப்பகலில், இருபது பேர் நடமாடும் இடத்தில்தான் இது நடக்கும். ஆனாலும் அந்தக் கோலத்தைப் பார்க்கும்போது எனக்கு முதுகு சில்லிடும். மிஷின் அவருக்கு எதையோ சொல்வது மாதிரியும், அதை எங்களிடம் பாதிதான் அவர் சொல்வது மாதிரியும் இருக்கும். அவர் குச்சியோடு நிற்கும்போது பக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள். சொல்லி வைத்த சட்டம் இல்லை, பயம்தான்.

ஒரு வருஷம் ஆயுத பூசைக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரி வேலை வந்திருந்தது. பச்சைக் குழந்தைகள் வார்டில் தொட்டிலுக்குத் தொட்டில் ஆக்சிஜன் கொண்டுபோகிற ஸ்டெயின்லெஸ் குழாய். சுவர் கனம் ஒரு மில்லி. மொத்தம் அறுபது துண்டு. நாற்பதை இருநூற்று நாற்பது பல் பிளேடில் பதமாக அறுத்து முடித்திருந்தோம். நடுவில் அவசரமாகத் தடிக் குழாய் வேலை ஒன்று வந்ததால் நூற்று அறுபது பல் பிளேடை மாட்டினோம். அது முடிந்ததும் மறுபடி பொடிப்பல் பிளேடை மாட்டி மீதி இருபதையும் அறுக்கச் சொல்லிவிட்டு, ஐயா மத்தியானம் பவானிக்குப் பஸ் ஏறினார். மகளுக்கு நிச்சயதார்த்தம். மொதலாளியிடம் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லை, என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

பிளேடு மாற்ற அரை மணி நேரம் ஆகும். கழற்ற வேண்டும், பிளேடு உட்காரும் முகத்தைத் துடைக்க வேண்டும், மாட்ட வேண்டும், ஆட்டம் இருக்கிறதா என்று டயல் முள் வைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரி வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான். ஐயா இல்லாத நாளில் என்னால் ஆகவில்லை என்ற பேர் வரக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. இருபது துண்டுதானே என்று, மாட்டியிருந்த நூற்று அறுபதிலேயே அறுத்தேன்.

பாதிக்கு மேல் ஏதோ ஒரு துண்டில் 'டக்' என்றது. குழாய் ஒரு துள்ளுத் துள்ளியது. நிறுத்தினேன். அறுத்த வாய் கொஞ்சம் கிழிந்திருந்தது. அரத்தால் தேய்த்துச் சரி செய்தேன், உள்ளே சுரண்டியை மூன்று சுற்று விட்டேன், மீதியை அறுத்தேன். பிளேடைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை என்று ஒரு நாளைக்கு நூறு தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். நேரம் இருந்தது, பார்த்தால் தெரிந்துவிடுமே என்றுதான் பார்க்கவில்லை.

மறுநாள் ஆயுத பூசை. நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் என் மிஷினுக்கு நான்தான் பொட்டு வைப்பேன், அது பட்டறை வழக்கம். பிளேடைக் கழற்றவில்லை, மூடியைத் திறந்து துடைத்துவிட்டு, பல் ஓரமாகச் சுற்றிலும் கட்டைவிரலால் சந்தனம் வைத்தேன், அதன் மேல் குங்குமம். ஒரு இடத்தில் விரல் லேசாகப் பள்ளத்தில் இறங்கின மாதிரி இருந்தது. அங்கே கொஞ்சம் கூடுதலாகவே சந்தனத்தை அப்பினேன்.

பூசைப் பொட்டை எங்கள் பக்கம் யாரும் துடைக்க மாட்டார்கள். வேலை ஆரம்பித்தபின் அதுவாக உதிர்ந்து போக வேண்டும். மற்ற நாளில் ஐயா வேலை தொடங்குமுன் ஈரத்துணியால் பிளேடைத் துடைத்துக் கண்ணால் ஒரு சுற்றுப் பார்ப்பார். பூசை முடிந்து வேலை தொடங்குகிற நாளில் மட்டும் அவரும் துடைக்க மாட்டார்.

அந்த வருஷம் பூசைக்கு நாலு நாள் லீவு, அது முடிந்து வேலை தொடங்கின அன்று ஐயா பவானியிலிருந்து திரும்பி வந்திருந்தார். முதல் வேலை தடிக் குழாய், அதே நூற்று அறுபது பிளேடு. மிஷினைப் போட்டேன். எங்கள் பிளேடு வேகமாகச் சுழல்கிற வகை இல்லை, நிமிஷத்துக்கு நாற்பது சுற்று நிதானமாகப் போகும். சூடு தணிக்கிற கூலண்ட் பால் மாதிரி ஊற்றுகிறது, சத்தம் சீராக இருக்கிறது. ஐயா வந்து குச்சியை ஊன்றிக் கடித்தார். கண்ணை மூடினார், உடனே திறந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் செய்யாத ஒன்றைச் செய்தார். குச்சியின் முனையைத் துண்டில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"நீ கேளு."

குச்சி முனையில் அவர் பல் பதிந்த தடம் ஆழமாக இருந்தது. என் பல் தானாக அந்தத் தடத்தில் போய் உட்கார்ந்தது. சத்தம் காது வழியாக வரவில்லை. மண்டைக்குள்ளேயே கிளம்பியது. ஒரே சீராக ஒரு முனகல், அதற்கு நடுவில், ஒன்றரை வினாடிக்கு ஒரு தரம், ஒரு தட்டு. யாரோ உள்ளே இருந்துகொண்டு, பொறுமையாக, கதவைத் தட்டுகிற மாதிரி. வாயிலிருந்து குச்சியை எடுத்தேன். பட்டறைச் சத்தம் மட்டும்தான் இருந்தது. மறுபடி கடித்தேன், மறுபடி தட்டியது. யார் தட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

மிஷினை நிறுத்திப் பிளேடைக் கழற்றினோம். ஐயா ஈரத்துணியால் சுற்றித் துடைத்துக்கொண்டே வந்தார். ஒரு பல் அடியோடு இல்லை. உடைசல் புதுசாக இருந்தால் வெள்ளையாக மினுங்கும். இது சிவப்பாக இருந்தது. பல் பிடுங்கின ஈறு மாதிரி, அந்தக் குழிக்குள் குங்குமம் ஊறிக் காய்ந்திருந்தது.

"பூசைக்கு முந்தியே போயிருக்குது," என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தார். பூசைக்கு முன்னால் அந்தப் பிளேடில் தடிக் குழாய் அறுத்ததாகத்தான் எழுதியிருந்தது. அது பெஞ்சுக் காலுக்குப் போகிற குழாய். பல் அதற்குள் கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவர் முகம் லேசானது. வேறு பிளேடை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார்.

அங்கேயே முடிந்திருக்கும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். என் வேலை இருந்திருக்கும், பேர் இருந்திருக்கும். ஆனால் குச்சி வாயில் இல்லாமலே எனக்கு அந்தத் தட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். சொன்னேன். இருபது துண்டை இந்தப் பிளேடில்தான் அறுத்தேன், ஆஸ்பத்திரிக் குழாய், ஒரு துண்டில் டக்கென்றது, பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரும்பவில்லை. பிளேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தை விட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

கடைசியில் அவர் தோளைத் தொட்டேன். திரும்பினார். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு அவருக்குத் திகைப்பு.

"என்ன கண்ணு? ஏதாச்சும் சொன்னயா?"

நான் முழித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "எனக்குக் காது போயி ஒம்பது வருசம் ஆச்சு. யாருக்கும் தெரியாது. மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

பின்னாலிருந்து கூப்பிட்டால் ஏன் திரும்ப மாட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. நான் சொன்ன எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒன்றுமில்லைங்க ஐயா, தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஒரு தடவை சொல்வது பெரிய காரியமில்லை, அது தானாக வாயிலிருந்து விழுந்துவிடும். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்க, ஒவ்வொரு வார்த்தையாக இரண்டாம் தடவை சொன்னதுதான் என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை. அவர் திட்டவில்லை. கையிருப்பில் இருந்த புதுக் குழாய் நாலையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு மொபெட்டை வெளியே தள்ளினார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர் முதலில் நம்பவில்லை. குழாயைக் கழுவித்தானே மாட்டினோம், வாயில் சல்லடை இருக்கிறது, ஒன்றும் வராது என்றார். உள்பிசிறுக்குப் பின்னால் சிக்கியிருந்தால் கழுவினாலும் வராது, காற்று ஓட ஓடத்தான் கழன்று வரும் என்று ஐயா சொன்னார். ஆக்சிஜன் ஓடுகிற குழாயில் இரும்பு மோதினால் பொறி பறந்து தீப்பிடிக்கும், உங்களுக்கே தெரியுமே என்றும் சொன்னார். இன்ஜினியர் எழுந்து வார்டுக்குப் போன் போட்டார்.

கையைக் கழுவச் சொல்லி, அங்கி மாட்டிவிட்டு உள்ளே விட்டார்கள். பகல் பதினோரு மணி. ஜன்னல் வழியாக நல்ல வெயில் தொட்டில்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. பதினாறு தொட்டில். ஒரு குழந்தைகூட அழவில்லை. அழத் தெம்பில்லாத குழந்தைகள் என்று நர்ஸ் சொன்னாள்.

முதல் தொட்டில் குழாயில் ஐயா குச்சியை ஊன்றிக் கடித்தார். கொஞ்ச நேரம் நின்றார். இல்லை என்று தலையை ஆட்டினார். பட்டறை மிஷின் மாதிரி இது உரக்கப் பேசாது. அவர் முன்பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தது, பொடிச் சத்தம் ஏறவில்லை. நர்ஸ் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் குச்சியை என்னிடம் கொடுத்தாள். முகமூடியை இறக்கிவிட்டுக் கடித்தேன். நாக்கில் ஸ்பிரிட் கசந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று. காற்று ஓடுகிற இரைச்சல் மட்டும். சில தொட்டிலில் காற்றே ஓடவில்லை, குழாய் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற இரும்புக்கும் ஒரு சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மாடியில் யாரோ நடக்கிறது, எங்கோ தண்ணீர் இறங்குகிறது, எல்லாம் பல் வழியாக வந்தது. ஒரு கட்டடம் முழுக்க என் தலைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

பதினோராவது தொட்டில். கடித்த உடனே கேட்டது. டிக். கொஞ்சம் பொறுத்து, டிக். குழந்தையைப் பார்த்தேன். கையளவு உடம்பு, காலில் கட்டிய சீட்டில் பெண் என்று மட்டும் எழுதியிருந்தது, பேர் இல்லை. அதன் நெஞ்சு ஏறியது, டிக். இறங்கியது. ஏறியது, டிக். குழாயில் காற்று எப்போதும் ஒரே மாதிரிதான் ஓடும், குழந்தை மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க முடியாது என்று இன்ஜினியர் பிற்பாடு சொன்னார். இருக்க முடியாதுதான். ஆனால் என் பல்லுக்குள் அப்படித்தான் கேட்டது.

நான் ஐயாவைப் பார்த்தேன். வாயில் குச்சியோடு பேச முடியவில்லை. அவர் என் கண்ணைப் பார்த்தே கை தூக்கிவிட்டார்.

குழந்தையைச் சிலிண்டருக்கு மாற்றி, வால்வை அடைத்து, குழாயைக் கழற்றினார்கள். வெள்ளைத் துணி மேல் தட்டினோம், எதுவும் விழவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தோம். உள்பிசிறு பூவிதழ் மாதிரி சுருண்டிருந்தது, அதற்குப் பின்னால் பல் தொங்கிக்கொண்டிருந்தது. சிமிட்டா இடுக்கியால் எடுத்தேன். என் மூன்று சுற்றுச் சுரண்டல் அவ்வளவு லட்சணம். மீதியையும் பட்டறையில் புதுசாக அறுத்து வரவழைத்து, அன்று சாயந்திரத்துக்குள் இருபது குழாயும் மாற்றிவிட்டோம்.

பட்டறைக்குத் திரும்பியதும் அந்தப் பல்லைப் பிளேடில் வைத்துப் பார்த்தோம். சிவப்புக் குழியில் வெள்ளைப் பல் சரியாகப் பொருந்தியது. ஓரத்தில் மட்டும் ஒரு மூலை இல்லை. கடுகு அளவு. சல்லடையைக் கொண்டுவந்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம், குழாயைக் கழுவின தண்ணீரை வடிகட்டிப் பார்த்தோம். அந்தக் கடுகு கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

மொதலாளி கூப்பிட்டு விசாரித்தார். நான் ஐயாவுக்குப் பக்கத்தில் நின்றேன். சொல்லத்தான் போனேன், சத்தியமாக. ஐயா முந்திக்கொண்டார்.

"நான் இருக்கும்போது அறுத்ததுதானுங்க. சத்தம் வந்திருக்கோணும். எனக்குக் காது கேக்காதுங்க. ஒம்பது வருசமா மறைச்சுப்போட்டேன்."

அந்த இருபதை அறுத்த அன்று மத்தியானமே ஐயா பஸ் ஏறிவிட்டார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. காது கேட்காதவரிடம் இரண்டு தடவை சொல்ல முடிந்த எனக்கு, நல்ல காது உள்ளவரிடம் ஒரு தடவை சொல்ல முடியவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஐயா போய்விட்டார். போகுமுன் போர்டில் சிவப்புப் பெயிண்டில் கடைசி வரியை எழுதினார். குச்சியை என் மேஜையில் வைத்தார். "பல்லு கெட்டியா இருக்கற வரைக்கும் வச்சுக்கோ" என்றார். அவர் நாற்காலி எனக்கு வந்தது. பதினாலு வருஷம் அதில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு லாட்டுக்கும் முதல் பல்லில் ஒரு குங்குமப் புள்ளி வைத்து, அங்கிருந்து கிளம்பிச் சுற்றி அங்கே வந்து சேரும்வரை எண்ணினேன். இருநூற்று முப்பத்தொன்பது வந்தால் மறுபடி எண்ணினேன். பைத்தியம் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

குழந்தை பத்தொன்பது நாளில் நல்லபடியாக வீட்டுக்குப் போனது. அதுவரை ஞாயிறுதோறும் சர்ச்சிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் வெளியே நின்று நர்ஸிடம் கேட்டுவிட்டு வருவேன். அதற்குப் பிறகு எந்த ஊர், என்ன பேர், ஒன்றும் தெரியாது. இப்போது பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு இருக்கும். அந்த வயசுப் பெண் யாராவது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து இருமினால் நான் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுகிறேன்.

ஐயா பவானியில் மகள் வீட்டில் காலமாகிவிட்டார். என் பல் எல்லாம் போய்விட்டது, இப்போது இருப்பது கட்டின செட்டு. அதை வைத்துக் குச்சியைக் கடித்தால் ஒன்றும் ஏறாது, பல தடவை பார்த்திருக்கிறேன். கவிதா போன் செய்த மறுநாள் காலை, செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஈறாலேயே கடித்துக்கொண்டு சமையலறைக் குழாயில் ஊன்றினேன். தொட்டித் தண்ணீர் இறங்குகிற சத்தம் வந்தது. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில், டிக். பொறுத்து, டிக். மகளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். அவளுக்கு நல்ல பல். ஒன்றுமில்லையே அம்மா என்றாள்.

கவிதா, அந்த வரியை எடுக்க வேண்டாம். அன்று விசாரித்த மொதலாளிதான் இப்போது பெரிய மொதலாளி, வெள்ளிக்கிழமைதோறும் பட்டறைக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார், இப்போது அவருக்கும் காது மந்தம் என்று நீதான் சொன்னாய். இந்த வெள்ளிக்கிழமை நான் வாரேன். அவருக்கு எதிரில் ஒரு நாற்காலி போட்டு வை. மூஞ்சியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.